சர்வரை ரெடி பண்ணுகிறவர்

ஆயத்தர் என்றோர் இனம் உண்டு. தாம்பரம் பக்கம் நன்றாகவே செழித்து வளர்கிறது. ஊட்டிக்குப் போகலாம் என்றால் ஸ்வெட்டர் விலை விசாரிக்கப் போவார். பஸ் போன பிறகும் விசாரித்துக்கொண்டிருப்பார்.

சிட்லபாக்கம் அரிகிருஷ்ணன் இதில் உயர்ந்த ரகம். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அடுத்த தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் யூனிஸ், தான் எடுத்த கல்யாணப் படங்களையெல்லாம் ஒரே சர்வரில் போட்டு வைத்திருந்தாள். திடீரென்று பயம் வந்துவிட்டது.

"அண்ணா, இது புட்டுக்கிச்சுன்னா நான் காலி. எல்லாத்துக்கும் தானா இன்னொரு காப்பி எடுக்கிற பேக்கப் சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டுக் குடுங்க."

"போட்டுடலாம்மா. முதல்ல சர்வரை ரெடி பண்ணணும்."

முதல்ல மேசையை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தினார், முதல்ல ஏசியை சர்வீஸ் பண்ணச் சொன்னார், முதல்ல அப்டேட் போட்டுவிட்டு சர்வர் அணைந்து எழுந்து மறுபடி அணைவதைப் பெற்ற தாயின் பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தார், முதல்ல பாஸ்வேர்டை மாற்றினார், மாற்றியதை மறந்துபோய் முதல்ல அதைத் தேடினார். சாஃப்ட்வேர்? டவுன்லோடே ஆகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இடம் பத்தலைம்மா, குப்பையைக் க்ளீன் பண்றேன்" என்று உட்கார்ந்தார். 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று பெரிதாகக் கிடந்தது. பேர்கூட வைக்காததில் என்ன இருந்துவிடப் போகிறது? அழித்தார். சுவடே இல்லாமல் அழித்தார்.

அதில் இருந்தது ஜெரூஷா, ஆரோன் திருமணம்.

கேமரா கார்டிலோ அதற்குள் வேறு கல்யாணம் ஏறியிருந்தது. யூனிஸ் அழுதபடியே பம்மலுக்கு ஓடி, ஜெரூஷாவிடம் உள்ளதைச் சொன்னாள். ஜெரூஷாவும் சேர்ந்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஆல்பம் இல்லைன்னா எங்க மாமியாரை யாரு சமாளிக்கிறது? அதே டிரஸ்ல வர்றோம். மறுபடி எடுங்கக்கா."

பாஸ்டர் ஒரு மாலை சர்ச் கதவைத் திறந்துவிட்டார். சொந்தக்காரர்கள் பட்டுப்புடவையோடு வந்து இறங்கி, பிரியாணி எங்கே என்று கேட்டார்கள். ஆரோனுக்குத்தான் கோட்டு சேரவில்லை. கல்யாணச் சாப்பாடு உடம்பில் ஒட்டிவிட்டது.

"சீக்கிரம் எடுங்க சிஸ்டர், பட்டன் தெறிச்சிடும்!"

தெறித்தது. பாஸ்டரின் மூக்கில் பட்டது. மாமியார் உட்பட மொத்த சர்ச்சும் சிரித்த அந்தப் படம்தான் ஆல்பத்தின் அட்டைக்குப் போயிற்று. முதல் கல்யாணத்தில் யாரும் இப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

அரிகிருஷ்ணனும் வந்திருந்தார். "சாரிம்மா. ஆனா பாரு, சர்வர் இப்போ பளிங்கு மாதிரி இருக்கு."

யூனிஸ் லைட் ஸ்டாண்டை அவர் கையில் திணித்தாள். "பேசாம இதைப் பிடிங்கண்ணா." அன்றிரவே எல்லாப் படத்தையும் தன் கையாலேயே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஜெரூஷாவிடம் கொடுத்துவிட்டுத்தான் படுத்தாள்.

சிரிக்கிறீர்கள். சரி, உங்கள் போனில் இருக்கும் குழந்தைப் படங்களுக்கு இன்னொரு காப்பி இருக்கிறதா? இதோ, எடுத்துவிடலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டீர்கள். மிக்க மகிழ்ச்சி.

அதற்கு ஏன் ஐயா கண்ணாடியைத் துடைக்கிறீர்கள்?