ரொய்ங் அண்ணனின் பீங்கான் தவளை

விருத்தாசலத்தில் நான் குடியிருந்த பகுதியில் ரொய்ங் அண்ணன் கை வைத்து அணைக்காத மெயின் சுவிட்சு ஒன்றுகூடக் கிடையாது. லைன்மேன்கூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். இவர் நேராக உள்ளே வந்து, மெயினை இறக்கிவிட்டு, தன் வீட்டுப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "இல்ல, இங்க இல்ல" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இறக்கியதை மறுபடி ஏற்றிவிட்டுப் போகிற பழக்கம் மட்டும் அந்த மனிதருக்குக் கடைசிவரை வரவே இல்லை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கார்டோடு சரி. பீங்கான் பொம்மை செய்கிற யூனிட் ஒன்றில், சூளைக்குப் போகும் முன் பொம்மைகளைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி எடுப்பது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பார். இந்த இரண்டு வேலையும் ஒன்றாகச் சேர்ந்ததில்தான் எங்கள் தெருவுக்குச் சனி பிடித்தது.

கிடார்க்காரர்கள் மேடையில் காலடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள். பெடல் என்று பெயர். காலால் ஒரு அமுக்கு அமுக்கினால் கிடார் முரட்டுத்தனமாகக் கரகரக்கும். அதைக் கடையில் வாங்க அண்ணனுக்கு இஷ்டமில்லை. போனில் வீடியோ பார்த்து, பாகங்களை வரவழைத்து, தானே ஈயம் பற்ற வைத்துச் செய்துவிட்டார். செய்ததை என்னிடம் காட்டக் கூப்பிட்டார். போனேன். தரையில் ஒரு பச்சைத் தவளை உட்கார்ந்திருந்தது.

யூனிட்டில் கிடந்த தவளை அச்சில் பீங்கான் கூழை ஊற்றி, சுட்டு, பச்சை கிளேஸ் போட்டு, அதற்குள் மொத்தச் சமாசாரத்தையும் அடைத்திருந்தார். வாயில் ஒரு ஒயர், பின்பக்கம் ஒரு ஒயர். முதுகில் சுவிட்சு. இடது கண்ணைத் திருகினால் சத்தம் கூடும், வலது கண்ணைத் திருகினால் கரகரப்பு கூடும். ஒரு வளர்ந்த மனிதன் தவளையின் கண்ணைத் திருகுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எப்படி தம்பி இருக்குது?" என்றார்.

பதில் சொல்வதற்குள் ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டார். ரொய்ய்ய்ங் என்று ஒரு சத்தம். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கிடாரைத் தொடவே இல்லை, சும்மாவே அந்தச் சத்தம். பெயர் வந்த கதை இதுதான்.

சத்தம் மட்டும் என்றால் பொறுத்திருப்போம். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது உள்ளே ஒரு பெண் குரல், கரும்பில் இடைக்கணுப் புழு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. விருந்தாளி போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தால், அறையில் அண்ணனும் தவளையும்தான். பேசியது தவளை. எங்கிருந்தோ வருகிற ரேடியோவை அது தானாகவே இழுத்துக்கொண்டிருந்தது.

"பெண்ணாடத்துல கரும்பு வெச்சிருக்கறவன் இத ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "உன் வூட்டு பிரிட்ஜாலதான் தம்பி எனக்கு இவ்ளோ தொல்லை. அதோட கரண்டு எரைச்சல்தான் இதுல வந்து ஏறுது."

அதிலிருந்து ஆரம்பித்ததுதான் மெயின் வேட்டை. என் பிரிட்ஜில் இருந்த மீன் குழம்பு ஒருநாள் முழுக்க வெயிலில் கிடந்தது மாதிரி ஆகிவிட்டது. எதிர் வீட்டுக்காரர் தலை நிறையச் சோப்புடன் மோட்டாருக்காகக் கத்திக்கொண்டிருந்தார். இது போதாதென்று அண்ணன் தவளையின் பேட்டரியை மாற்றினார், ஒயரை மாற்றினார், பற்றவைத்ததைப் பிரித்துத் திரும்பப் பற்றவைத்தார். கிடார் கம்பியைக் கையால் தொட்டால் சத்தம் கொஞ்சம் குறைகிறது என்று கண்டுபிடித்து, தன் மணிக்கட்டிலிருந்து போர் பைப்புக்கு ஒரு ஒயரைக் கட்டிக்கொண்டு, கன்றுக்குட்டி மாதிரி நின்று வாசித்தார். நான் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"பீங்கானாலதான் கோளாறோ என்னமோ" என்று ஒரு தடவை சொல்லித் தொலைத்தேன். சாமியைத் திட்டினது மாதிரி பார்த்தார்.

"பீங்கானையா சந்தேகப்படற? நாடு பூரா பீஸ் கட்டை எதுல இருக்குது? நம்மூர் பீங்கான்ல. கரண்டே பூர முடியாது தம்பி, சத்தம் எப்படி உள்ள பூரும்?"

நியாயமாகத்தான் பட்டது. ஊரே அந்த நம்பிக்கையில்தான் சோறு தின்கிறது.

விஷயம் கருவேப்பிலங்குறிச்சித் திருவிழாவில் முற்றியது. ஒரு சோகப் பாட்டின் நடுவில், பாடகி மூச்சு வாங்கிய இடத்தில், தவளை கரும்புக் கொள்முதல் விலை சொன்னது. குழுவை நடத்துகிற கீபோர்டு மாஸ்டர் மேடையிலேயே திரும்பிவிட்டார்.

"இந்தா பாருய்யா. அடுத்த வாரம் நல்லூர் ரிசப்ஷன்ல இது கத்துச்சுன்னா நீ அப்படியே எறங்கிப் போயிக்க. கிடாரையும் நான் கீபோர்டுலயே வாசிச்சுக்கறேன்."

அடுத்த நாளிலிருந்து தெருவில் ஒரு மெயினும் இறங்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. போய்ப் பார்த்தால் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வாரம் பூரா பொம்மைய முக்கி முக்கி எடுக்கறேன். ஞாயித்துக்கெழமதான் தம்பி நான் மனுசன். அதுவும் போயிடும்போல இருக்குது" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

ரிசப்ஷன் அன்று காலை. தவளை வழக்கம்போல ரொய்ங் என்று கத்திக்கொண்டிருந்தது. வீடு பெருக்கிக்கொண்டிருந்த அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. தவளையைத் தூக்கி ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டு, ஒயர் போக இடம் விட்டு மூடியை அழுத்தினார். சத்தம் பட்டென்று நின்றது.

கரண்டு போய்விட்டது என்று நினைத்து, வாசலில் நின்ற நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் உள்ளே ஓடினோம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கிடாரைத் தட்டினார். கணீரென்று கேட்டது. மூடியைத் திறந்தார், ரொய்ங். மூடினார், நிசப்தம். திறந்தார், ரொய்ங். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பீங்கான் கரண்டைத்தான் தடுக்கும். காற்றில் வருகிற இரைச்சலைத் தடுக்க இரும்போ எவர்சில்வரோ வேண்டும், ஒயர் முனையின் உலோகமும் அதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அண்ணி போட்டதில் அது தானாகவே தொட்டிருந்தது.

"வீடியோவுல அந்தாளு அலுமினியப் பெட்டிதான் போட்டிருந்தான். பாவம், அவங்க ஊருல பீங்கான் கிடைக்கல போலன்னு நெனச்சேன்" என்றார் அண்ணன். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பெடலை டப்பாவுக்குள் மாற்றிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? அது அண்ணியின் கல்யாணச் சீர். முறுக்கு வைக்கிற டப்பா. அதன் பக்கவாட்டில் அண்ணியின் அப்பா பெயர் வெட்டியிருந்தது. அவர் காலமாகி வெகுநாள் ஆகவில்லை.

"திங்கற பாத்திரம். மாமா பேரு வேற. அது மேல என் கால வெக்கறதா? வேணாம் தம்பி, நான் நல்லூருக்குப் போகல" என்று எழுந்துவிட்டார்.

"வேற பாத்திரம் இல்லையா?" என்றேன்.

"மத்ததெல்லாம் பெரிசு, இல்லன்னா மூடி ஒக்காராது" என்றார் அண்ணி. முந்தானையால் டப்பாவைத் துடைத்தார். பிறகு அதைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தார். "எங்கப்பா பேரு பக்கத்துலதாங்க இருக்குது. நீங்க மூடிய மிதிங்க."

தவளைக்குள் இருந்ததை டப்பாவுக்கு மாற்றி, சுவிட்சு வெளியே வர அண்ணன் மூடியில் ஓட்டை போட, அண்ணி இரண்டு கையாலும் டப்பாவைப் பிடித்துக்கொண்டார். டிரில் கிறீச்சிட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணி மூடவில்லை.

நல்லூர் மண்டபத்தில், கிடார்க்காரர் காலடியில் முறுக்கு டப்பாவைப் பார்த்த மாஸ்டருக்குக் கண் பிதுங்கிவிட்டது. அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து டப்பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் காலை வைத்தார். பாட்டின் நடுவில் அவருக்கு விட்ட இடத்தில் கிடார் கரகரவென்று எழுந்தது. ஒரு இடத்தில் விரல் தப்பியது, அதுகூடத் துல்லியமாகக் கேட்டது. பாட்டு முடிந்ததும் மாஸ்டர் அடுத்த பாட்டின் பெயரை அவரிடம் திரும்பிச் சொன்னார். அவ்வளவுதான். வேலை தப்பித்தது.

இடைவேளையில் வேர்வை வழிய இறங்கி நேராக அண்ணியிடம் வந்தார்.

"எதுனா கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலீங்க" என்றார் அண்ணி. "நீங்க வாசிச்சது மட்டுந்தான் கேட்டுச்சு."

பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கும் அது மட்டும்தான் கேட்டது. இன்னும் கொஞ்சம் வாசிக்கமாட்டாரா என்றிருந்தது.