நம்பர் போட்ட எலுமிச்சம்பழம்

பயந்தவன் எதிலும் கவனமாக இருப்பான் என்று பலர் நம்புகிறார்கள். அதை நம்பி என்னிடம் எந்தப் பொறுப்பையும் கொடுத்துவிடாதீர்கள். ஒன்பது விஷயத்துக்குப் பயந்து, ஒன்பதையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, பத்தாவதில் போய் விழுகிற ஆள் நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் பயத்தில்தான். (முழுப் பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்தது. பரீட்சை முடிந்ததும் காய்ச்சல் போய்விட்டது. நான்தான் திரும்பப் போகவில்லை.) இப்போது சங்கரன்கோவிலில் சொந்தமாக ஒரு லோடு வண்டி ஓட்டுகிறேன். வண்டியை நிறுத்திவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து ஹேண்ட் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

என் மனைவி செல்வி நேர் எதிர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள். சில வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. பல ஊர் விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்துகிற ஓர் ஆராய்ச்சி வலையமைப்பு அது. செடி, பூச்சி, நோய் என்று உயிர் சம்பந்தப்பட்ட விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்த ஊரில் இருக்கிற விஞ்ஞானியும் பார்க்கும்படி வைப்பார்களாம். புளியங்குடிப் பக்கம் ஒரே தோட்டத்தில் ஒரு எலுமிச்சை மரம் காய்த்துத் தள்ளும், அடுத்த மரம் நோயில் பட்டுப்போகும். ஏன் என்று பழத்துக்குள்ளே எழுதியிருக்கிறது, அதைப் படித்துவிடலாம் என்றாள் செல்வி. (எனக்கு ரேஷன் கடைப் பலகையைப் படிக்கவே நேரம் பிடிக்கும்.)

செல்வி மூன்று மாதம் ஸ்கூட்டரில் அலைந்து தோட்டக்காரர்களைச் சம்மதிக்க வைத்தாள். கடைசி இரண்டு நாளில் முப்பது மரத்தில் மரத்துக்கொரு பழமாகப் பறித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் ஒட்டினாள். பழத்தில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எது யார் தோட்டத்துப் பழம் என்பது அவள் போனில் இருக்கும். (இந்த நம்பர் விஷயமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.)

அந்த வலையமைப்பு மாதாமாதம் ‘செய்திகளும் நிகழ்வுகளும்’ என்று ஒரு கடிதத்தைப் போனுக்கு அனுப்பும். அந்த மாதக் கடிதத்தில் ‘சங்கரன்கோவிலில் விவசாயிகள் சந்திப்பு, ஏற்பாடு: செல்வி’ என்று வந்தது. படித்ததும் தேதியைக் காலண்டரில் இரண்டு தடவை சரிபார்த்தேன். காலையில் ராஜபாளையம் ரோட்டு மண்டபத்தில் கூட்டம். மத்தியானம் முப்பது பழமும் ஐஸ் பெட்டியில் ஏறி பெங்களூர் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே அந்த வாரம்தான் நமக்கு முறை. பழம் போய்ச் சேர்ந்தால் செல்விக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை. சேராவிட்டால் திட்டம் இதோடு நிற்கும்.

“நீங்க வாசல்ல வாறவங்களுக்குச் சந்தனம், கல்கண்டு குடுங்க. கையில ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் குடுங்க. அவ்ளோதான்” என்றாள் செல்வி.

அவளுக்கு அவ்வளவுதான். எனக்கோ அங்கேதான் காய்ச்சலே ஆரம்பித்தது. எங்கள் தெருக் கோயில் கொடை விழாவில் முதல் பழத்தை யார் கையில் கொடுப்பது என்று வந்த தகராறில், இரண்டு வீட்டார் இன்றைக்கும் ஒரே டீக்கடையில் உட்காருவதில்லை. இங்கே இருபத்தொன்பது தோட்டக்காரர்கள் வருகிறார்கள். கூடவே பெங்களூரிலிருந்து ஒரு பேராசிரியர். பேராசிரியருக்கு முதல் பழம், சரி. இரண்டாவது யாருக்கு? சிவகிரிக்காரருக்கா, புளியங்குடிக்காரருக்கா? ஊர்ப்படியா, வயசுப்படியா? இரண்டு நாள் நான் தூங்கவில்லை.

அன்று காலை மண்டபத்துக்குள் நுழைந்தேன். மேடை ஓரத்து மேஜையில் பெரிய தாம்பாளம். அதில் அழகழகாக முப்பது எலுமிச்சம்பழம். ஒவ்வொன்றிலும் நகம் அளவு வெள்ளை ஸ்டிக்கர். ஒன்று, இரண்டு, மூன்று...

என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. படித்தவர்கள் படித்தவர்கள்தான்! யாருக்கு முதலில், யாருக்கு அடுத்தது என்ற சண்டையே வராதபடி பழத்திலேயே வரிசை போட்டுவிட்டார்களே! (நான் வாங்கி வந்த பழப் பை வண்டியிலேயே கிடந்தது. அதை நினைக்கவே இல்லை.) செல்வியும், ஆராய்ச்சி மாணவி நிவேதாவும் பின்னறையில் ஐஸ் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் படம் எடுப்பதற்காக அவர்கள் எடுத்து அடுக்கிய மாதிரிப் பழங்கள் அவை என்று எனக்கு யார் சொல்வது?

தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். பேராசிரியர் இறங்கினார். நம்பர் ஒன்று. படம் எடுத்தார்கள். பிறகு வந்தவருக்கு இரண்டு, அடுத்தவருக்கு மூன்று. வாழ்க்கையில் அப்படி நிம்மதியாக நான் ஒரு வேலை செய்ததில்லை.

முப்பதையும் கொடுத்து முடிக்கிற வரைக்கும் நிம்மதி இருந்தது. அதைக் குலைத்தது பன்னிரண்டாவது பழம். புளியங்குடி தங்கப்பாண்டியும் வேலுச்சாமியும் மாமன் மச்சான். இரண்டு பேர் தோட்டத்துக்கும் நடுவே ஒரே வேலி. பேச்சுவார்த்தை கிடையாது. தங்கப்பாண்டி கையில் பதினொன்று. வேலுச்சாமி தன் பழத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“என்ன வே இது, பன்னெண்டு?”

“வரிசை நம்பர் அண்ணாச்சி” என்றேன் பெருமையாக.

“அவனுக்கு அடுத்துதான் நானா? யாரு வே போட்டது இந்த வரிசைய?”

“வெளஞ்சத வச்சுப் போட்டிருப்பாவ” என்றார் தங்கப்பாண்டி, யாரையும் பார்க்காமல்.

அவ்வளவுதான். எல்லோரும் அவரவர் பழத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பதினேழு எழுந்து இருபத்தொன்றோடு சண்டைக்குப் போனது. எட்டுக்குத் தன்னை ஏழுக்குக் கீழே வைத்தது பொறுக்கவில்லை. கடையநல்லூர் காஜா பாய் ஒருவர்தான் முப்பதாம் நம்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தார். “கடைசிப் பந்தில உக்காந்தாலும் பாயாசம் வருதான்னுதான் நான் பாப்பேன்.”

சத்தம் கேட்டுச் செல்வி வெளியே வந்தாள். மண்டபம் முழுக்க எலுமிச்சம்பழத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்கள். அவள் காலித் தாம்பாளத்தைப் பார்த்தாள்.

“யாரு எடுத்துக் குடுத்தது?”

பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் தூக்காத கையை அன்றைக்குத் தூக்கினேன்.

“ஏங்க... அது பெங்களூருக்குப் போற பழம்ங்க.”

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பயங்கரம். மூன்று மாத அலைச்சல், இரண்டு வருஷ வேலை. எல்லாம் முப்பது பேர் உள்ளங்கையில் வேர்த்துக்கொண்டிருந்தது.

நான் பாய்ந்து வேலுச்சாமியிடம் போனேன். “அண்ணாச்சி, அந்தப் பழத்தக் கொஞ்சம் குடுங்க.”

“குடுத்த பழத்தத் திருப்பிக் கேக்கியா? இது வேற அவமானமா எனக்கு?” என்று பழத்தை மடியில் கட்டிக்கொண்டார். பத்துப் பேரிடம் கேட்டேன். பத்துப் பேரும் கையை இறுக்கிக்கொண்டார்கள். பஞ்சாயத்து முடிகிற வரைக்கும் பழம்தான் சாட்சியாம்.

நிவேதா அழுகிற நிலையில் இருந்தாள். செல்வி மைக்கை எடுத்தாள்.

“எல்லாரும் இங்கன பாருங்க. அது யாரு பெரியவுகன்னு போட்ட நம்பர் இல்ல. நான் மரத்துல பறிச்ச வரிசை. ஒங்க கையில இருக்கது வேற ஒருத்தர் தோட்டத்துப் பழம். யாரு தோட்டம்னு இப்ப வாசிக்கேன்.” போனைப் பார்த்தாள். “பதினொண்ணு, வேலுச்சாமி அண்ணாச்சி தோட்டம்.”

தங்கப்பாண்டி கையில் தேளைப் பிடித்தவர் போலத் துள்ளினார். “இவன் தோட்டத்துப் பழத்தையா இம்புட்டு நேரம் வச்சிருந்தேன்? இந்தா, பிடி!”

“பன்னெண்டு, தங்கப்பாண்டி அண்ணாச்சி தோட்டம்.”

வேலுச்சாமி மடியை அவிழ்க்கிற வேகத்தில் வேட்டியே அவிழப் பார்த்தது.

அதன்பிறகு ஐஸ் பெட்டி முன்னால் வரிசை. அடுத்தவன் தோட்டத்துப் பழத்தை யாரும் ஒரு நிமிஷம் கூட வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. பின்னால் யோசித்தால் புரிகிறது. அந்தச் சண்டை மட்டும் வராமல் இருந்திருந்தால் பாதிப் பழம் மோரில் பிழிந்தாகியிருக்கும், மீதி கோமதியம்மன் சன்னதிக்குப் போயிருக்கும். நான் எதற்குப் பயந்தேனோ அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

இருபத்தொன்பது வந்துவிட்டது. நம்பர் ஒன்று?

“அதையா? என் டிரைவர்ட்டக் கொடுத்துட்டேனே” என்றார் பேராசிரியர்.

வாசலுக்கு ஓடினேன். டிரைவர் நல்ல மனுஷன், தொழில் பக்தி உள்ளவர். பழத்தை முன் சக்கரத்துக்கு அடியில் வைத்து, சாமி கும்பிட்டு, வண்டியை நிழலுக்கு நகர்த்தியிருந்தார். பழம் தரையோடு தரை. ஸ்டிக்கர் மட்டும் டயரில் ஒட்டிக்கொண்டு, ‘1’ என்று என்னைப் பார்த்தது.

அதை நகத்தால் உரித்து எடுத்துக்கொண்டு போய் செல்வி முன்னால் நின்றேன். அவள் ஸ்டிக்கரைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

“ஒண்ணு நம்ம வீட்டுக் கொல்லை மரம்ங்க. நிவேதா மேடம் எனக்குப் பழக்கிக் குடுக்கும்போது பறிச்சது.”

“மரம் இருக்குல்ல அண்ணே? இன்னொரு பழம் பறிச்சிட்டு வந்தா போதும். தோலைத் துடைச்சிட்டுத்தான் உள்ளே எடுப்போம், மத்ததுக்கும் ஒண்ணும் ஆகாது” என்றாள் நிவேதா.

மரம் இருக்கும்தான். ஆனாலும் போகிற வழியெல்லாம், ஆடு புகுந்திருக்குமோ, பக்கத்து வீட்டுக்காரர் வெட்டியிருப்பாரோ, காற்றில் விழுந்திருக்குமோ என்று பயந்துகொண்டேதான் வண்டி ஓட்டினேன். மரம் நின்றது. பழமும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து பறித்தேன். பெட்டியை மூடி, கார் கிளம்பி, ராஜபாளையம் ரோட்டில் மறைந்த பிறகு மண்டபத்தில் ஆறிப்போன சாம்பார் சாதம் சாப்பிட்டேன். அப்படி ருசியான சாப்பாட்டை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் சாப்பிட்டதில்லை. மூன்று தடவை வாங்கினேன்.

அடுத்த மாதக் கடிதம் வந்தபோது பயந்துகொண்டேதான் திறந்தேன். முதல் படமே நான்தான். பேராசிரியர் கையில் நம்பர் ஒன்றைக் கொடுத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நிற்கிறேன். கீழே, ‘மாதிரிகள் முறைப்படி ஒப்படைக்கப்பட்டன’ என்று போட்டிருந்தது. செல்வியின் வேலை இன்றைக்கும் தொடர்கிறது. மாமனும் மச்சானும் இன்றைக்கும் பேசுவதில்லை. ஆனால் இரண்டு பேரும் தனித்தனியாகச் செல்வியிடம் கேட்டுவிட்டார்கள், யார் பழம் தேறியது என்று.

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும், வாசலில் எலுமிச்சம்பழம் கொடுக்கிற இடத்தில் என்னைக் கண்டால் போதும். “நம்பரப் பாத்து வாங்குங்கப்பா!” என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டிலும் அப்படித்தான். ஹேண்ட் பிரேக் போட்டேனா, கேஸை மூடினேனா என்று நான் எழுந்து எழுந்து போனால் செல்வி ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுப்பாள். பேனாவால் அதில் ‘1’ என்று எழுதி என் கையில் வைப்பாள்.

“இந்தாங்க. இதப் பத்திரமா வச்சிக்கிட்டு உக்காருங்க.”

உட்கார்ந்துவிடுவேன்.