இருபத்தேழாம் நம்பர் சீட்டு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஊருக்கே பார்வை கொடுப்பவர். எதிரில் இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது. எதிரில் இருப்பது பெரும்பாலும் அவர் மனைவி.

போன வருஷம் கால்பந்து இறுதிப் போட்டியைப் பார்த்துக்கொண்டே அடுப்பிலிருந்த பாலை மறந்தார். முதலில் பால் பொங்கியது, பிறகு மனைவி. அன்றோடு வீட்டில் பந்தாட்டத்துக்குத் தடை. இந்த வருஷம் பார்த்தே தீருவது என்று அவர் சபதம் எடுத்தார். சத்தம் வராமல்தான் எடுத்தார்.

ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் வேறொரு நகரம். அங்கே விளையாட்டு மியூசியத்தின் மூன்றாவது மாடியில் பெரிய திரையில் ஆட்டத்தைக் காட்டுகிறார்களாம். மிஞ்சியிருந்த ஒரே டிக்கெட்டை வாங்கி, போட்டுக்கொள்ளப்போகும் சட்டையின் பையில் பத்திரப்படுத்தினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் தனியாக வாசல் தாண்டும் உரிமை அவருக்குக் கிடையாது.

“உன்னை எங்கயும் கூட்டிட்டே போறதில்லைன்னு சொல்லுவியே. நாளைக்கு மியூசியம் போலாமா?”

“இந்த மழையிலயா?”

“மழைன்னாதான் கூட்டம் இருக்காது.”

“என்ன மியூசியம்?”

“பழைய பொருளெல்லாம் வெச்சிருக்காங்க.”

அவள் உடனே சரி என்றாள். அங்கேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

குடை பிடித்தும் பாதி நனைந்துதான் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் லாரி அளவுக்கு ஒரு சிமென்ட் பந்து.

“பழைய பொருள்னீங்க?”

“பந்தும் பழசுதானே.”

அவள் உள்ளே நடந்தாள். யாரோ ஒரு வீரர் போட்டுக் கழற்றிய பனியன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதன் முன் வெகுநேரம் நின்றாள்.

“துவைக்காம வெச்சா இதுக்கு டிக்கெட்டு போடறாங்க. இது தெரியாம இருபது வருஷமா உங்களுதைத் துவைச்சுட்டிருக்கேன்.”

மணி இரண்டே முக்கால். மூன்றுக்கு ஆட்டம். கடைக்காரருக்கு மனைவி மேல் திடீரென்று இரக்கம் சுரந்தது.

“பாவம், உனக்குக் கால் வலிக்கும். கேன்டீன்ல உக்காந்து காபி குடி. நான் மட்டும் மூணாவது மாடியை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். அங்க வெறும் பரிசுக் கோப்பைதான்.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“கோப்பை நிறைய. ரெண்டு மணி நேரம் ஆயிடும்.”

“நிதானமா பாத்துட்டு வாங்க. லிஃப்ட்ல போகாதீங்க. டாக்டர் படி ஏறச் சொன்னாரே.”

இவ்வளவு அன்பா என்று உருகியபடியே ஏறினார். மூச்சு வாங்க மேலே போய், பையிலிருந்த சீட்டைக் காவலாளியிடம் கம்பீரமாக நீட்டினார்.

“சோப்பு ரெண்டு, உப்பு ஒரு பாக்கெட், விளக்குமாறு ஒண்ணு,” என்று படித்தார் காவலாளி. “மளிகைச் சீட்டு சார் இது.”

காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தது யார் என்று அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

“என்னோடது இருபத்தேழாம் நம்பர் சீட்டுங்க.”

“அதுல ஒரு அம்மா இப்பதான் வந்து உக்காந்தாங்க. லிஃப்ட்ல வந்தாங்க.”

கைச்சீட்டு மாறியது, உட்காரும் சீட்டு போனது, மொத்தத்தில் அவர் சீட்டு கிழிந்தது. கேன்டீனுக்கு இறங்கினார். மனைவியின் நாற்காலியில் இரண்டு பைகளும் இரண்டு ஈரக் குடைகளும் உட்கார்ந்திருந்தன.

“பையை விட்டு நகரக் கூடாதுன்னு அம்மா உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க,” என்றார் காபி போடுகிறவர்.

அவருடைய போனும் அவள் கைப்பையோடு மேலே போயிருந்தது. ஐந்து மணி வரை மாடியிலிருந்து கூரை பிளக்கும் கூச்சல். ஒவ்வொரு கூச்சலுக்கும் பாதி எழுந்தார், குடை சரிந்தது, பிடித்து நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

அவள் முகமெல்லாம் சிவந்து இறங்கி வந்தாள். குரலும் கட்டியிருந்தது.

“யாரு ஜெயிச்சா?”

“எதுல? மேல வெறும் கோப்பைதானே.”

ரயில் கிளம்பி வெகுதூரம் வந்த பிறகு அவளாகவே பேச்செடுத்தாள்.

“ஏங்க, ஆஃப்சைடுன்னா என்ன?”

அவருக்கு உயிர் வந்தது. செருப்புகளை ஆட்டக்காரர்களாக நிறுத்தி, தண்ணீர் பாட்டிலைக் கோல்கீப்பராக்கி, இரண்டு ஸ்டேஷன் தூரம் அந்த விதியை விளக்கினார். அவளும் கண் கொட்டாமல் கேட்டாள்.

“அப்ப கடைசி நிமிஷத்துல நடுவர் சொன்னது சரிதான்,” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிப்போனாள்.