பல் டாக்டரிடம் சண்டைக்குப் போனவர்

இன்றைக்கு அந்தப் பல் டாக்டரின் பல்லைக் கழட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று சோமனூர் கிருபாசங்கர் முடிவு செய்தார். பன்னிரண்டு தறி ஓடுகிற குடோனை அப்படியே நிறுத்திப்போட்டு, தீபாவளிச் சட்டையை எடுத்து மாட்டினார். காலையில் இரண்டு தடவை பல்லும் தேய்த்திருந்தார். எதிரி அழகன் என்று கேள்விப்பட்ட பிறகு சண்டைக்குக் கூடச் சும்மா போக முடியுமா?

எல்லாம் ஒரு மாதமாக நடக்கிற கூத்து. கிருபாசங்கருக்குச் சர்க்கரை. மாத்திரை ஒன்று இரண்டாகியும் இறங்கவில்லை. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். வாயைத் திறந்தால் எதிரே நிற்கிறவர் இரண்டு எட்டுப் பின்னால் போவார். மனைவி பிரவீனா சொல்லிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஈறு புண்ணா இருந்தா சர்க்கரை லேசுல இறங்காதாமுங்க. ஒருக்காப் பல்லு டாக்டருகிட்டக் காட்டிப்போட்டு வரலாமுங்க."

"பல்லு வாயில இருக்குது, சர்க்கரை ரத்தத்துல இருக்குது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? எங்கப்பன் பல்லு டாக்டரு மூஞ்சியையே பார்த்ததில்ல, தெரியுமா?"

"தெரியுங்க. அதனாலதான் அவரு அம்பது வயசுலயே முறுக்கைத் தண்ணியில ஊற வெச்சுத் தின்னாரு."

அதோடு பிரவீனா அவரை நச்சரிப்பதை விட்டாள். தானே பல் டாக்டரிடம் போவதாகக் கிளம்பினாள். வியாழக்கிழமை தவறாமல். இஸ்திரி போட்ட சேலை, தலை நிறைய மல்லிகை. பல்லைக் காட்டப் போகிறவளுக்குத் தலையில் எதற்கு மல்லிகை?

"டாக்டர் ரித்விக் என்ன சொல்றாரு தெரியுமாங்க? வாயில இருக்கற கிருமி ரத்தத்துல கலந்து இதயம் வரைக்கும் போகுமாமுங்க."

"அடுத்தவன் சம்சாரத்துகிட்ட இதயத்தப் பத்தி அவனுக்கென்ன பேச்சு?"

"டாக்டரு பேசாம தறிக்காரரா பேசுவாரு? அப்புறம் அவரு சிரிச்சாருன்னு வெச்சுக்குங்க... முப்பத்திரண்டும் ஒரே சீரா, அப்பத்தான் தறியில இருந்து எறங்குன துணியாட்டம்!"

கிருபாசங்கருக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகிப் பதினேழு வருசம். அவர் பல்லை அவள் ஒரு கந்தல் துணியோடு கூட ஒப்பிட்டதில்லை. கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தார். கண்ணாடிக்கே சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து, அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'டாக்டர்' என்கிறாள் என்று எண்ண ஆரம்பித்தார். முப்பத்தெட்டு. அவரை 'ஏனுங்க' என்றது நாலே தடவை. அதிலும் இரண்டு, கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்ல.

நேற்று அவள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு பெருமூச்சு விட்டாள். "நாளைக்குப் பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்டுங்க. கால் சுளுக்கிப்போச்சு. டாக்டரப் பார்க்க முடியாதேன்னு மனசே ஆற மாட்டேங்குதுங்க."

அந்தப் பெருமூச்சுதான் கிருபாசங்கரைச் சரியாகப் பத்து மணிக்கு டாக்டர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

"வாங்க வாங்க!" என்றார் டாக்டர் ரித்விக்.

"வாரேனுங்க" என்று சொல்லித் தொலைத்தார் கிருபாசங்கர். நம்ம பக்கத்துச் சீக்கு அது. கழுத்தைப் பிடிக்கப் போனாலும் முதலில் ஒரு 'ங்க' போட்டாக வேண்டும்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒரு விசயம் கேக்கோணும்."

"தாராளமாக் கேளுங்க. மொதல்ல உக்காருங்க. நின்னுட்டே பேசினா எப்படிங்க?"

உட்காருங்க என்று ஒருத்தர் சொன்ன பிறகும் நின்றால், அது கெட்ட வார்த்தை பேசியதை விட மோசம். உட்கார்ந்தார். அங்கே இருந்தது ஒரே நாற்காலி. அவர் உட்கார்ந்ததும் அது படுத்துக்கொண்டது.

"என்ற சம்சாரத்தப் பத்தி..." என்று வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஒரு குட்டிக் கண்ணாடியும், விர்ரென்று சத்தம் போடும் கம்பியும் நுழைந்தன.

"ஆ... ஆஆ... ஆவ்!"

"புரியுதுங்க. ரொம்ப நாளாவே ரத்தம் வருது, இல்லீங்களா?"

ஒரே அறை விடலாம் என்று கையை ஓங்கினார்.

"அப்படித்தானுங்க! வலிச்சா இப்படிக் கையைத் தூக்கிக் காட்டோணும். உங்களை மாதிரி ஒத்துழைக்கறவங்க கிடைக்கறதே அபூர்வமுங்க."

முக்கால் மணி நேரம். பல்லில் படிந்திருந்த இருபது வருசத்துக் காரை பெயர்ந்து விழுந்தது.

"இதுக்கடியில சீழ் கட்டியிருந்துதுங்க. ஈறு ஆறுச்சுன்னா சர்க்கரையும் கட்டுக்குள்ள வர வழி பொறக்கும். ஆனா மாத்திரைய விட்றாதீங்க" என்று டாக்டர் சிரித்தார். முப்பத்திரண்டும் ஒரே சீர்தான். கிருபாசங்கர் சடாரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"அது கெடக்கட்டுமுங்க. என்ற சம்சாரம் வாராவாரம் இங்க வருதே, அதுக்கு அப்படி என்ன நோவு?"

"உங்க ஊட்டு அம்மணியா? நான் நேர்ல பார்த்ததே இல்லீங்களே! போன மாசம் போன்ல பேசினாங்க. இந்தப் பத்து மணியே உங்க பேருக்குத்தான் வாங்கியிருக்காங்க. 'கோவமாத்தான் வருவாருங்க, நீங்க உக்காருங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்'னாங்க."

வீட்டுக்கு வந்தால், சுளுக்கின காலோடு பிரவீனா ஸ்டூல் மேல் ஏறி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமையெல்லாம் எங்க போன?"

"நாலு ஊடு தள்ளிச் சண்முகப்ரியா ஊட்டுக்குங்க. காப்பி குடிச்சுப்போட்டுக் கதை பேசிட்டு வருவேன்."

"அப்ப அவன் சிரிப்பு?"

"பஸ் ஸ்டாண்டுல அவரு படத்தைப் போட்டு போர்டு வெச்சிருக்காங்களேங்க, பல்லைக் காட்டிட்டு!"

பிரவீனா கீழே இறங்கி, அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"மாத்திரை ரெண்டானப்பவே எனக்குப் பயமாப் போச்சுங்க. சொன்னாக் கேக்கற ஆளா நீங்க?"

அவர் மனசு இளகிப் போனது. அந்த நேரம் பார்த்து அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்புறமுங்க, சர்க்கரை இருந்தா வருசம் ஒருக்காக் கண்ணையும் காட்டோணுமாமுங்க. கோயமுத்தூருல பாலகோபால்னு ஒரு கண்ணு டாக்டரு இருக்கறாரு. அவரு ஒரு பார்வை பார்த்தாருன்னு வெச்சுக்குங்க..."

கிருபாசங்கர் அவளை முடிக்கவே விடவில்லை.

"நானே போயிக்கறேன் அம்மணி. எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லு."