நொய்யரிசிப் போணி

கைராசிக்காரர் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவர் தொட்டால் துலங்கும், அவர் கையால் போணி ஆனால் கடை நிலைக்கும் என்பார்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். அப்படிப்பட்டவர் வந்தால் ஒரு டம்ளர் மோர் கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுங்கள். உள்ளே மட்டும் விடாதீர்கள்.

எங்கள் குடும்பத்துக் கைராசிக்காரி என் நாத்தனார் சரோஜா. என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிற வீடு. (நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) அவர் போணி செய்த டீக்கடை ஓட்டலாகிவிட்டது, பூக்காரி மாடி வீடு கட்டிவிட்டாள் என்பார்கள். அவர் போணி செய்யாத கடைகளும் நன்றாகத்தான் ஓடுகின்றன. அதை யாரும் பேசுவதில்லை.

நான் எழுதப்போகிற இந்தக் கதையை அண்ணி கல்யாணப் பந்திதோறும் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பரப்பிவிட்டார். பாயசம் வருவதற்குள் முடிகிற மாதிரி சுருக்கி, தனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் காரம் சேர்த்துச் சொல்வார். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து ஒரு வரியில் நிற்காது, மலை ஏறி இறங்கும். ஏறட்டும். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை. கோபம் எப்படியும் தீரப்போவதில்லை.

என் மகள் மலருக்கு அப்போது பதினேழு வயது. பிளஸ் டூ முடித்திருந்தாள். அவள் வயதுப் பெண்கள் லீவில் தையல் கற்றுக்கொண்டார்கள். இவள் பிரவுசிங் சென்டர் ஒன்றுக்கு வேலைக்குப் போய், அங்கே கெட்டுப்போகிற கம்ப்யூட்டர்களைப் பிரித்துச் சேர்க்கக் கற்றுக்கொண்டு வந்தாள். மூடிப்போன ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு பழைய பொட்டியைத் தூக்கி வந்து, எங்கள் முன்னறையில் குடல் வேறு எலும்பு வேறாகப் பிரித்துப் போட்டாள். வீடு கூட்டப் போனால் காலில் ஸ்குரூ குத்தும். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே கூட்டுவேன். ஆனால் ஒரு நாள் அந்தப் பிணம் எழுந்து உட்கார்ந்து வெளிச்சம் காட்டியது. அன்றைக்கு நான் திட்டவில்லை.

"முன்னறையக் குடும்மா. வூட்லயே ரிப்பேர் கடை வெக்கறேன். சம்பாதிச்சு நானே டிப்ளமா சேந்துக்கறேன்" என்றாள்.

என் வீட்டுக்காரர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் நிறைய ஆளை அதட்டி உள்ளே தள்ளுவார். அக்கா முன்னால் மட்டும் டிக்கெட் எடுக்காத பிரயாணி மாதிரி நிற்பார்.

"கொஞ்ச நாளு பாப்போம். எவனாவது கம்ப்ளெயிண்டுனு வாசல்ல வந்து நின்னா, அன்னிக்கே போர்டக் கழட்டிடணும். அக்கா வேற குமரேசனுக்கு மலரக் கேட்டுனே கீறா. நானும் எவ்ளோ நாளுதான் மழுப்பறது?" என்றார்.

குமரேசன் அண்ணியின் ஒரே மகன், மலருக்கு முறைப்பையன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தாகம் எடுக்கிறதா இல்லையா என்று சொல்வான். அவ்வளவுதான் குறை.

என் தலையில் அட்சதை விழுந்தபோது எனக்குப் பதினாறு வயது. என்னை யாரும் கேட்கவில்லை. அழுவதற்காக இதைச் சொல்லவில்லை. பிறகு நான் செய்த காரியத்துக்குக் காரணம் தெரிய வேண்டுமே என்று சொல்கிறேன்.

"மலர் கம்ப்யூட்டர் சர்வீஸ்" என்று அட்டையில் பெயிண்டால் எழுதி, வாசல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினாள். ஈ, காக்கை வரவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. (எனக்கு உதிக்கிற யோசனைகளை மலர் இப்போதெல்லாம் வாசலிலேயே நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறாள்.) அண்ணி கையாலேயே முதல் போணி ஆகட்டும். தன் கையால் தொடங்கிய கடையைத் தானே எப்படி மூடச் சொல்வார்? சொன்னால் கைராசி பொய்யாகிவிடுமே! என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு போன் போட்டேன்.

"அண்ணி, உங்க வூட்டுக் கம்ப்யூட்டரு எப்படி கீது?"

"அதுக்கின்னா, ராஜா மாரி கீது."

"ஒண்ணும் கோளாறு இல்லியா?"

"ஏண்டி, கோளாறு வரணும்னு சாமிக்கு வேண்டிக்கினியா?"

விஷயத்தைச் சொன்னதும் குரல் குளிர்ந்துவிட்டது. "என் கையால போணியா? அப்ப சரி. எடுத்தாறேன்."

மலர்தான் முரண்டு பிடித்தாள். "நல்லா ஓடறத எதுக்கும்மா தொறக்கணும்?"

"ஒடம்பு நல்லா கீறவங்க டாக்டராண்ட செக்கப்புக்குப் போறதில்லியா? தொற, தூசி தட்டு, மூடிக் குடு. அவ்ளோதான்."

நாள் குறித்ததும் நான்தான். பௌர்ணமி. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி, கிரிவலக் கூட்டம் மொய்க்கிற நாளில், வெளியூரிலிருந்து கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொன்னாள் என்றால் அவள் அறிவை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். டி.வி. மாதிரி கனத்த மானிட்டரைக் குமரேசன் தலையில் சுமந்து வந்தான். பொட்டி என் வீட்டுக்காரர் தோளில். அண்ணி கீபோர்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். மானிட்டருக்கு மஞ்சள் பட்டில் ஜரிகை வைத்து அண்ணி உறை தைத்துப் போட்டிருந்தார். வெறுங்காலோடு நடந்த ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு "அரோகரா" என்று வழிவிட்டார்கள். ஒரு வெளியூர் அம்மாள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எந்த சாமிங்க?" என்று கேட்டாளாம். குமரேசன் வழக்கம்போல அம்மா முகத்தைப் பார்த்தானாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "நல்ல நாளு பாத்த, போ!" என்று அண்ணி முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தார் எல்லாரும் முன்னறையில் கூடியிருந்தார்கள். கூப்பிட்டதும் நான்தான். பெருமையை நாலு பேர் பார்க்காவிட்டால் அது என்ன பெருமை?

முதலில் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினார்கள். ராஜா மாதிரிதான் ஓடியது. பிறகு அணைத்து, மலர் பொட்டியைத் திறந்தாள். பிரஷ்ஷால் தூசி தட்டினாள். ரேம் என்று சீப்பு போல ஒரு பட்டை உண்டு. அதைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்தாள். நான் சாம்பிராணி காட்டினேன், கற்பூரம் ஏற்றினேன். அண்ணி வெற்றிலை பாக்கின் மேல் நோட்டை வைத்து நீட்டியதும், "நல்லா இருக்கணும்" என்று மஞ்சள் அரிசியை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். மலர் தலையிலும், நோட்டிலும், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குமரேசன் சட்டையிலும் விழுந்தது. என் கை தாராளமான கை.

மலர் பட்டையைச் சொருகி, பொட்டியை மூடி, சுவிட்சைப் போட்டாள்.

பீ... பீ... பீ... என்று கத்தியது. லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. மானிட்டரில் இருட்டு.

அணைத்துப் போட்டாள். பீ... பீ... திறந்து, பட்டையைக் கழற்றி மாட்டிப் போட்டாள். பீ... பீ... அவள் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"ராஜா மாரி இருந்துச்சே" என்றார் அண்ணி.

"உள்ள எதுனா ஏற்கெனவே உட்டுப்போயிருக்கும் அண்ணி!" என்று பாய்ந்தேன். "மண்டியில மூட்ட தூசி கம்மியா? இத்தினி நாளு ஓடினதே ஜாஸ்தி!" பிறகு மலர் மேல் பாய்ந்தேன். "தூசி தட்டச் சொன்னா எதுக்குடி பல்லு தேச்சுவுட்ட?" பிறகு வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன், பொட்டியைத் தோளில் ஆட்டிக்கொண்டு வந்ததற்காக. அறையில் நான் திட்டாமல் விட்டது கற்பூரத் தட்டை மட்டும்தான். அதையும் நங்கென்று வைத்தேன்.

அண்ணிக்குக் கோபமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார்.

"வுடு. கம்ப்யூட்டரு போனா போவுது. என் மருமவதானே ஒடச்சா? எங்க வூட்டுக்கே வந்து பொறுமையா சரி பண்ணட்டும். ஆயுசு பூரா டைம் கீது."

அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் வாசலுக்குப் போய்க் கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். மலர் அதைப் பார்த்துவிட்டாள். அவள் கண் கலங்கியதை நானும் பார்த்துவிட்டேன்.

"எல்லாரும் கொஞ்சம் வாயமூடுங்க!" என்று கத்தினாள். (அதில் நானும் சேர்த்தி. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.) பட்டையை மறுபடி கழற்றி, டார்ச் அடித்து, அது உட்காரும் இடுக்கை முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தாள். அந்த இடுக்கும் மஞ்சள் நிறம். நெடுநேரம் பார்த்தாள். புருவம் திருத்துகிற இடுக்கியை எடுத்து உள்ளே விட்டாள். எதையோ கவ்வி எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

ஒரு அரிசி. மஞ்சள் அரிசி.

பட்டையைச் சொருகினாள். 'டக்'கென்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் சத்தமில்லாமல் வெளிச்சம் வந்தது. எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அண்ணி அந்த அரிசியை வாங்கி உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தார்.

"இது பாதி அரிசிடி. நொய். அட்சதைக்கு மொன முறியாத அரிசி போடணும்னு உனுக்குத் தெரியாது? முறிஞ்சது அட்சதையே இல்ல. கோழித் தீனி!"

கம்ப்யூட்டரைக் கெடுத்தேன் என்றால்கூடத் தாங்கியிருப்பேன். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாரும் நிற்கும்போது என் வீட்டு அட்சதையை நொய் என்றால்?

"யாரப் பாத்து நொய்ங்கறீங்க? பொன்னிப் பச்சரிசி அண்ணி! ஒவ்வொண்ணாப் பொறுக்கி மஞ்சத் தடவினது! உங்க பொட்டி இடுக்குல மாட்டி முறிஞ்சிருக்கும்!" (பொன்னி டப்பா காலியாகிப் பல நாள் ஆகியிருந்தது. அது ரேஷன் அரிசி. புடைக்கவும் இல்லை.)

"அப்ப நல்ல அரிசிதான்னு சொல்ற?"

"அண்ணாமலையார் மேல சத்தியமா!"

அண்ணி முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், எங்கேயோ தப்பாகக் காலை வைத்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது.

"அப்ப சரி" என்று எழுந்து நின்றார். "பௌர்ணமி நாளு. உன் பொண்ணு தலயிலயும் விழுந்துச்சு, என் பையன் சட்டயிலயும் விழுந்துச்சு. பெத்தவ கையாலயே போட்ட அட்சத. தெருவே பாத்துச்சு. இதுக்கு மேல இன்னா நிச்சயம் வேணும்? தேதி வெச்சுக்கலாமா தம்பி?"

என் வீட்டுக்காரர் பாதி அவிழ்த்த போர்டோடு நின்று, "அதுவும் சரிதான்..." என்று இழுத்தார்.

மலர் இடுக்கியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

அண்ணாமலையார் மேல் செய்த சத்தியத்தை அவர் ஊரிலேயே, அதுவும் அவர் நாளிலேயே திரும்ப வாங்குவது எப்படி இருக்கும் என்று என்னைக் கேளுங்கள். தொண்டையில் மீன் முள் இறங்குகிற மாதிரி இருக்கும்.

"நொய்தான் அண்ணி" என்றேன்.

"இன்னாது?"

"நொய்தான்! ரேஷன் அரிசி! பொடைக்கக்கூட இல்ல! வாங்க உள்ள, டப்பாவத் தொறந்து காட்டறேன். எல்லாருமே வாங்க! முறிஞ்சது அட்சதையே இல்ல, கோழித் தீனின்னு உங்க வாயாலதானே இப்ப சொன்னீங்க? கோழித் தீனி விழுந்தா எந்த ஊர்ல கல்யாணம் ஆவுது?"

சொன்னதோடு விடாமல் சமையலறைக்குப் போய் டப்பாவைத் தூக்கி வந்து முன்னறை நடுவில் வைத்தேன். தெருவே குனிந்து பார்த்தது. ஒருத்தி விரலை விட்டுக் கிளறி, "கல்லுகூட கீதே" என்றாள். அவளோடு நான் இன்றும் பேசுவதில்லை.

அண்ணி குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். அந்த இடைவெளியில்தான் குமரேசன், வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மா முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அம்மா, அதான் ஓடுதே. தூக்கினு போலாம் வா. கேமு பாதில நிக்குது."

அண்ணி போணி நோட்டை மலர் கையில் வைத்து அழுத்தினார். கொடுக்காமல் போனால் கைராசிக்கு இழுக்கு அல்லவா! என் வீட்டுக்காரர் அவிழ்த்த முடிச்சை மறுபடி போட்டார். என் சத்தியத்துக்காக அடுத்த பௌர்ணமியே மலையைச் சுற்றினேன், காலில் செருப்பில்லாமல், வழியெல்லாம் அண்ணியைத் திட்டிக்கொண்டே. (புண்ணியம் எவ்வளவு மிஞ்சியது என்று தெரியவில்லை.)

மலர் டிப்ளமா முடித்தாள். இப்போது வேங்கிக்காலில், ஆபீஸ்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவு போட்ட கடை வைத்திருக்கிறாள். "என் கை போணி" என்று அண்ணி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அரிசியைக் கண்டுபிடித்து எடுத்தது மலர் கண், மலர் கை. மானத்தை விற்றது நான். பேர் யாருக்கு? கைராசிக்காரிக்கு! இதைச் சொன்னால், "அம்மா, பிபி மாத்தர போட்டியா?" என்கிறாள் மலர். ஆயுதபூஜைக்குப் போனால் எல்லாப் பொட்டியையும் மூடி, மேலே பெட்ஷீட்டும் விரித்த பிறகுதான் என்னைக் கடைக்குள் விடுகிறாள்.

மலர் கல்யாணம் அவள் பார்த்த பையனோடு, அவள் சொன்ன வருஷத்தில்தான் நடந்தது. அட்சதைக்கு நானே உட்கார்ந்து அரிசி பொறுக்கினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு முனைகூட முறியாமல். முகூர்த்த நேரம். தட்டு சுற்றி வருகிறது. அண்ணி ஒரு பிடி அள்ளினார். போட்டால் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? உள்ளங்கையை மூக்குக்கு நேரே கொண்டுவந்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நாதஸ்வரக்காரர்கூட ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"எல்லாம் முழுசா கீது!" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "இந்தக் கல்யாணம் செல்லும்!"

மண்டபம் அதிர்ந்தது. மணமேடையில் உட்கார்ந்திருந்த மலர் மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பெண்டாட்டியோடு வந்திருந்த குமரேசனும் சிரித்தான், யார் முகத்தையும் பார்க்காமல்.

நான் சிரிக்கவில்லை. பந்தியில் அண்ணி இலைக்கு நானே போய்ச் சாதம் வைத்தேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பொன்னிதானே?" என்றார்.

கரண்டி என் கையில்தான் இருந்தது. கல்யாண வீடாச்சே என்று விட்டேன்.