ஜாதகம் சார் ஒரே தடவைதான் கேட்பார்

எந்தக் கேள்வியையும் இரண்டாம் முறை கேட்காத ஒரே மனிதர் இந்தப் பூமியில் ஜாதகம் சார்தான். தாம்பரத்தில் நான் வேலை பார்த்த கேஸ் ஏஜென்சிக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத வந்தவர். கல்யாணத்துக்கு டெய்லர் எடுத்த அளவிலேயே பத்து வருஷமாகச் சட்டை தைத்துக்கொண்டார். பாவம், பொத்தான்கள்தான் திணறின. வந்த அன்று என்னிடம், "நீ எது வரைக்கும் படிச்சிருக்கே?" என்றார். "ஒன்பதாவதுல நின்னுட்டேன் சார்." தலையாட்டினார். அதோடு சரி.

சிலிண்டர் புக்கிங் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் கட்டம் போட்ட டேபிளாக இருக்கும். எந்தக் கட்டத்துக்கு என்ன பெயர், எத்தனை எழுத்து பிடிக்கும் என்ற குறிப்பைத்தான் சார் ஜாதகம் என்பார். எங்கள் கவுன்டர் திரையோ, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளறைப் பெரிய கம்ப்யூட்டரிடம் முழு ஜாதகத்தையும் விசாரித்துவிட்டுத்தான் திறக்கும். அதற்குள் வரிசை ஜி.எஸ்.டி. ரோட்டைத் தொட்டுவிடும்.

"இந்த மாசம் பாக்கறேன். சரிப்படலைன்னா பழையபடி கையால எழுதற நோட்டுதான். நீயும் வேற எடம் பாத்துக்க" என்றார் முதலாளி. டைப்பிங் தெரியும் என்பதற்காகக் கிடைத்த நாற்காலி அது.

சாரிடம் புலம்பினேன். "ஏம்ப்பா, பொண்டாட்டிகிட்ட தினமும் பேர் கேப்பியா?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை சார்."

"ஆனப்புறம் கேக்காதே."

மறுநாளே மாற்றினார். காலையில் ஒரே தடவை ஜாதகத்தை வாங்கி, ஒவ்வொரு கவுன்டரும் தன் ஞாபகத்தில் வைத்துக்கொண்டது. திரை படீரென்று திறந்தது. "இன்னாபா, அதுக்குள்ள முடிஞ்சிதா? நான் வெத்தலகூட மடிக்கலியே!" என்றார் ஒரு பெரியவர்.

எனக்கு அப்போதும் பயம்தான். ஜாதகம் மாறினால்?

மாறியது. எங்கள் பக்கத்து போன் நம்பரெல்லாம் ஆறு இலக்கத்திலிருந்து ஏழானது. ஒரு சனிக்கிழமை, கவுன்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சார் உள்ளறையில் போன் நம்பர் கட்டத்தை நீட்டினார். எங்கள் திரைகளுக்குத் தெரிந்தது பழைய ஜாதகம். ஏழாவது எண்ணை அடித்தால் கீச்சென்று கத்தின.

"ஏழு நம்பர் சொன்னா ஆறுதான் போடுவியா? மிச்சத்த வூட்டுக்கு எடுத்துகினு போவியா?" என்று வரிசை கொதித்தது. முதலாளி பழைய நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் தொப்பென்று போட்டார்.

சார் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "திரைய அணைச்சு மறுபடி போட்டா சரியாயிடும். ஆனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் அணைக்க முடியுமா?"

எனக்கு சாரின் ரயில் ஞாபகம் வந்தது. அட்டவணை மாறியது தெரியாமல், இல்லாத வண்டிக்காக நாலு நாள் பிளாட்பாரத்தில் நின்றவர் அவர். அதிலிருந்து தினமும் அட்டவணைப் பலகையின் மூலையில் இருக்கும் தேதியை மட்டும் பார்ப்பார். தேதி அதேதான் என்றால் உள்ளே படிக்க மாட்டார்.

"சார்," என்றேன், "ஜாதகத்துக்கும் மூலையில ஒரு நம்பர் போட்டா? ஒவ்வொரு தடவையும் திரை அத மட்டும் கேக்கட்டும். மாறியிருந்தா முழுசா படிக்கட்டும்."

சார் உள்ளறைக்கு ஓடினார். பொத்தான் ஒன்று தெறித்தது. மத்தியானத்துக்குள் மூன்று கவுன்டரும் ஏழு இலக்கத்தையும் விழுங்கின, அதே வேகத்தில். வரிசை கரைந்தது. முதலாளி அந்த நோட்டை எடுத்து விசிறிக்கொண்டார்.

சாயந்திரம் ரயிலுக்குக் கிளம்பிய சார், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"நீ எது வரைக்கும் படிச்சிருக்கே?" என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் இரண்டாம் முறை கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.