காற்று தனி, மழை தனி

விதி இதுதான்: விவசாயி தன் மொழியில் நஷ்டத்தைச் சொன்னால் சொல்லை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை இதை எல்லோருக்கும் ஒப்பித்திருக்கிறேன். கடைப்பிடித்தவர் ஒருவரையும் பார்த்ததில்லை.

ஹைதராபாத்திலேயே மின்விசிறியைச் சாட்சிக்கு அழைத்த ஒரே மனிதர், நாங்கள் 'காலிவானா' என்று பெயர் வைத்த விவசாயிதான். திருநெல்வேலிக்காரர். குஷாய்குடாவில் தொழிற்சாலை வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, கிடைத்ததையெல்லாம் கீசரா பக்கம் திராட்சைத் தோட்டத்தில் போட்டவர். ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் புயல் வந்து, பந்தலைக் கல்தூண்களோடு படுக்கவைத்தது.

காப்பீட்டுப் படிவத்தில் நஷ்டத்துக்குக் காரணம் என்ற இடத்தில், பக்கத்துத் தோட்டக்காரர்கள் சொன்னபடியே 'காலிவானா' என்று எழுதினார். தெலுங்கில் புயலுக்கு அதுதான் பேச்சுச் சொல். தலைமை அலுவலகத்தில் யாரோ அகராதியைப் பிரித்தார். காலி என்றால் காற்று, வானா என்றால் மழை. நிராகரிப்பு வந்தது: 'காற்று, மழை இரண்டுக்கும் பாலிசியில் இடமில்லை. புயலுக்கு மட்டுமே உண்டு.'

மே மாத வெயிலில் மழைக்கோட்டு, ஹெல்மெட் சகிதம் என் மேஜைக்கு வந்தார்.

"என்ன சார், காத்தும் மழையும் தனித்தனியாவா வந்துச்சு? ஒண்ணு பஸ்ஸுல, ஒண்ணு ஆட்டோவுலயா?"

"மேல்முறையீடு எழுதுங்க. நானும் குறிப்பு வச்சு அனுப்பறேன்."

அவர் உடனே எழுத உட்காரவில்லை. மின்விசிறியை ஐந்துக்குத் திருகினார். கோப்புகள் பறந்தன. "இது காத்து." தண்ணீர் பாட்டிலைத் திறந்து விசிறியை நோக்கி வீசினார். "இது மழை. ரெண்டும் சேந்தா என்ன பேரு, சொல்லுங்க!"

ஹைதராபாத்காரரான எங்கள் பியூன் நனைந்தபடி அலறினார்: "நக்கோ சாப், நக்கோ! தூஃபான் ஆகயா!"

"கேட்டீங்களா? தூஃபான்! புயலுன்னு உங்க ஆபீஸே சொல்லிட்டு!"

அதையும் குறிப்பில் சேர்த்தேன். பியூன் வானிலை நிபுணரா என்று தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது.

கொடியை வெட்டிவிடும் அடுத்த கவாத்துக்குள் பந்தல் நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் கொடி தரையிலேயே மக்கிவிடும். சாஃப்ட்வேர் சம்பளம் ஊரைத் தாண்டி நிலம் தேடி அலைந்த காலம் அது. வேலிக்கு வெளியே வீட்டுமனைத் தரகர் தினமும் ஆஜர். அவரிடம் காலிவானா சீறினாராம்: "கொடி இன்னும் சாகல. அதுக்குள்ள என்னவே பால் ஊத்த வாறீரு?"

நம்பிக்கை தளரவில்லை. அடுத்த புயலைக் கையும் களவுமாகப் பிடிக்க, குஷாய்குடா வீட்டு மொட்டைமாடிக் கம்பத்தில் ஒரு லுங்கியைக் கட்டினார். வானம் கறுத்தால் எனக்குப் போன் வரும். "சார், லுங்கி நேரா நிக்குது. இது காத்தா, புயலா? இப்பமே எழுதிக்கிடுங்க."

கவாத்துப் பருவம் போயிற்று. நானும் ஓய்வு பெற்றேன். கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்குப் பதில் வந்தே விட்டது: 'பரிசீலனையில், காலிவானா என்பது புயலே என ஏற்கப்படுகிறது.'

திருமுல்கேரியில் என் வீட்டுக்கே அதைக் கொண்டுவந்தார். காகிதம் பறக்காமலிருக்க விசிறியை நிறுத்தப் போனேன்.

"விடுங்க சார், பறக்கட்டும். காலைலதான் நிலத்தை எழுதிக் குடுத்துட்டு வாறேன். காலி. இனி வானா மட்டுந்தான் பாக்கி."

சிரித்தார். எனக்கு வரவில்லை.

இப்போது என் மொட்டைமாடியிலும் ஒரு லுங்கி தொங்குகிறது. அது நேராக நின்றால், குஷாய்குடாவுக்கு முதல் போன் என்னுடையது. அதை நான் கட்டியது, அவர் அந்தப் பதிலைக் கொண்டுவந்த அன்றே, உகாதிக்கு முந்தின நாள்.